ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறவர்கள் காட்டேஜுக்கு அட்வான்ஸ் போடும் முன் இதைப் படியுங்கள்

கொரோனா காலத்து இ-பாஸ் 2020 செப்டம்பரில் மற்ற மாவட்டங்களுக்கு விலக்கப்பட்டபோதும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போக மட்டும் கலெக்டர் அனுமதி தேவைப்பட்டது. ‘பாஸ் வாங்கித் தர்றோம், ரூமும் போட்டுத் தர்றோம்’ என்று போனில் பேசும் ஆட்களுக்கு அதுவே நல்ல வாய்ப்பாகிவிட்டது. நோய் போய்விட்டது, அவர்கள் போகவில்லை. மலை ஏறும் முன்பே குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பணத்தை இழப்பது இவர்களிடம்தான்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ‘ஊட்டி காட்டேஜ்’ என்று கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக ஒரு தளம் வரும். படங்கள் உண்மையான ஒரு லாட்ஜுடையவை, போன் நம்பர் மட்டும் வேறு. கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். வாட்ஸ்அப்பில் பத்துப் பன்னிரண்டு போட்டோ வரும். ‘சனி, ஞாயிறுக்கு ஒரே ஒரு ரூம்தான் சார் பாக்கி, பாதி அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடறேன்’ என்பார்கள். ஜிபேயில் நம்பரைப் போட்டால் லாட்ஜ் பெயர் வராது, யாரோ ஒரு தனிநபர் பெயர் வரும். கேட்டால் ‘மேனேஜர் அக்கவுன்ட்’ என்று பதில் வரும். பணத்தை நிறுத்த வேண்டிய இடம் இதுதான். பலரும் இங்கேதான் ‘சரி’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

இத்தோடு விட மாட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி போன் வரும்: ‘சிஸ்டம் பாதித் தொகையை ஏத்துக்கல, முழுசா போடுங்க, முதல்ல போட்டது தானா திரும்பிடும்.’ அதையும் போட்டால் அடுத்தது ‘ரீஃபண்ட் கோடு’. 24,999 போல ஓர் எண்ணைச் சொல்லி, அதைத் தொகைக் கட்டத்தில் அடித்து பின் நம்பர் (PIN) போடச் சொல்வார்கள். கோடு என்று அவர்கள் சொல்வது உங்கள் கணக்கிலிருந்து போகும் ரூபாய். யுபிஐ-யில் பின் நம்பர் பணம் அனுப்பவும், பேலன்ஸ் பார்ப்பது போன்றவற்றுக்கும்தான். பணம் வாங்க பின்னும் வேண்டாம், க்யூஆர் ஸ்கேனும் வேண்டாம். சாயங்காலம் குழந்தைகளோடு ஊட்டி சேரிங்கிராஸில் இறங்கி, அந்த லாட்ஜ் ரிசப்ஷனில் வவுச்சரைக் காட்டினால், ‘இந்தப் பேர்ல புக்கிங்கே இல்லைங்க’ என்பார்கள். அந்த நேரத்தில், அந்தக் குளிரில், சொன்ன வாடகைக்குக் கிடைத்த அறையில்தான் தங்கியாக வேண்டும்.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். லாட்ஜின் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுங்கள். ஊட்டிக்கு 0423, கொடைக்கானலுக்கு 04542. இல்லையென்றால் வீடியோ காலில் வாசல் போர்டிலிருந்து தொடங்கி அறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் அலுத்துக்கொண்டாவது காட்டுவார். மோசடிக்காரர் ‘நெட்வொர்க் இல்லை’ என்பார். ஜிஎஸ்டி எண் கேளுங்கள். அது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 15 இடம், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அடித்தால் கடையின் பெயரும் முகவரியும் வரும். சின்ன ஹோம்ஸ்டேக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. ‘இருக்கு’ என்று சொல்லிவிட்டு வேறு யாருடைய எண்ணையோ தருவதுதான் மோசடி. முதல் தடவை போகிறவர்களுக்கு, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இரண்டு ஊரிலும் இருக்கிறது. ஆடம்பரம் எதிர்பார்க்க வேண்டாம், கட்டிய பணத்துக்கு அறை நிச்சயம்.

இ-பாஸிலும் இதே ஏமாற்று. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் மறுபடி பாஸ் வந்தது. இந்த முறை காரணம் நெரிசல். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். வரம்பு நிறைந்ததும் ‘எங்ககிட்ட கோட்டா இருக்கு’ என்று தலைக்கு இவ்வளவு என வாங்குகிறார்கள். அப்படி ஒரு கோட்டாவே கிடையாது. பாஸ் இலவசம், ஆளுக்கு ஒன்று அல்ல, வண்டிக்கு ஒன்று. அரசு பஸ்ஸில் போனால் தேவையே இல்லை. எடுக்க வேண்டியது தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் தளத்தில் மட்டும். பழைய பாஸில் வண்டி எண்ணை மட்டும் மாற்றித் தந்த பிடிஎஃப், சோதனைச் சாவடியில் க்யூஆரை ஸ்கேன் செய்ததும் மாட்டிக்கொள்ளும். ஊட்டி மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடி வரை வந்து திரும்பிப் போக வேண்டியதுதான்.

பணத்தைவிட எங்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. உரிமம் இல்லாத மலிவு காட்டேஜ்களில் ஹீட்டர் இருக்காது. கேம்ப்ஃபயர் முடிந்ததும் மிச்சக் கரியை ஒரு சட்டியில் போட்டு ‘ரூம்ல வெச்சுக்கோங்க, கதகதப்பா இருக்கும்’ என்று கொடுப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்திருப்பீர்கள். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இப்படி மலையூர்களில் உயிர்கள் போயிருக்கின்றன. கரிச்சட்டியை வெளியிலேயே வையுங்கள், கூடுதல் கம்பளி கேளுங்கள். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர், காற்றுப் போக வழியில்லை என்றால் அறையை மாற்றச் சொல்லுங்கள். கொரோனாவில் ஜன்னலைத் திறந்து வைக்கப் பழகினோமே, அது இங்கேயும் வேண்டும்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், போன தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடாதீர்கள். ‘ரீஃபண்ட் கஸ்டமர் கேர்’ என்று மறுபடி கூகுளில் தேடவே வேண்டாம், அங்கேயும் இதே ஆட்களின் நம்பர் கிடக்கிறது. பேங்க் நம்பரை உங்கள் ஏடிஎம் கார்டின் பின்புறம் பார்த்து அடியுங்கள்.