எஃப்சி-150 பெட்ரோல் வண்டி: மலையேற்றத்து மிஸ்ஸிங்கும் அதைக் கண்டுபிடித்த விதமும்

நண்பர் ஒருவருக்குப் பழைய எஃப்சி-150 (ஜீப் வகைச் சிறு டிரக்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி மேடு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிப்பதாகவும் (எஞ்சின் இடையிடையே பற்றாமல் உதறுவதாகவும்), கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மாற்றினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வதாகவும், அதை நம்பலாமா என்றும் கேட்டிருந்தார். அதே வண்டியை நெடுங்காலமாக வைத்திருப்பதாலும், அதே கோளாறை அண்மையில்தான் தீர்த்ததாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வில்லிஸ் நிறுவனம் 1956 இறுதியில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய, பின்னர் மஹிந்திரா இங்கே தயாரித்த இந்த வண்டிக்கு மூக்கு, அதாவது முன்னால் நீளும் பானெட், கிடையாது. முன் பின் சக்கரங்களுக்கிடையே வெறும் 81 அங்குலம்தான் என்பதால், 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின் ஓட்டுநருக்கும் அருகில் இருப்பவருக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து முன்தள்ளிய கேபின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் உரிய குணம் இதற்கும் உண்டு: கோடையில் இடது தொடை வெந்துவிடும், பெட்ரோல் வாடை சட்டையோடு வீட்டுக்கு வரும். ஆனால் கோளாறு பார்க்கும் வேளையில் இதே அமைப்பு வரமாகிறது. மூடியைத் தூக்கிவிட்டால், இருக்கையில் முழங்காலிட்டபடியே டெல்கோ (பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர்), பிளக் (சிலிண்டருக்குள் பொறி வைப்பது), கார்புரேட்டர் மூன்றையும் தொட்டுப் பார்க்கலாம். எஞ்சின் எங்கே இடறுகிறது என்பதைக் காதருகிலேயே கேட்கலாம். ஃபெண்டருக்கு மேல் குனிந்து முதுகு ஒடிந்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது.

என் வண்டியில் குறை இப்படித்தான் வெளிப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது குஞ்சப்பனை வரை ஒன்றும் தெரியாது. எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி இழுக்காமல் உதறும். காலைத் தளர்த்தினால் அடங்கிவிடும். ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் மெல்ல ஓடுவது) சீராகவே இருக்கும். பட்டறையில் கேட்ட மாத்திரத்தில் கார்புரேட்டரைக் கழற்றினார்கள். அவர்கள் சந்தேகத்தை அடியோடு தவறு என்று சொல்லிவிட முடியாது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் (உள்ளிருக்கும் சவ்வு) பதம் பார்க்கிறது என்பது உண்மையே, எரிபொருள் போதாமல் போனாலும் மேட்டில்தான் முதலில் தெரியும். ஆயினும் பம்பின் அழுத்தத்தை அளக்காமல், ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், கழுவிப் பூட்டியதற்குக் கூலி வாங்கிக்கொண்டு, மறுபடியும் உதறியபோது "புது கார்புரேட்டர் போடுங்கள்" என்று சொன்னதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை நிறைகிறது, அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக் முனைகளுக்கிடையே பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். ஐடிலிங்கில் போதுமானதாக இருக்கும் நோஞ்சான் பொறி மேட்டில் கைவிடுவது இதனால்தான். அடுத்த கேள்வி, இடறுவது ஒரு சிலிண்டரா, எல்லாமா என்பது. உறையிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எந்த வயரைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டர் செத்திருக்கிறது என்று பொருள். என் வண்டியில் நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவுக்கு வேலை செய்தன. கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இந்த எஞ்சினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருப்பதால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அப்படிக் கருகியிருந்தால் கம்ப்ரெஷன் காட்டிக்கொடுத்திருக்கும், ஐடிலிங்கிலும் தாளம் தவறியிருக்கும். கலவை உள்ளே போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது, ஆகவே மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகக் காற்று கசிகிறது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

ஆக, நான்குக்கும் பொதுவான ஒன்றுதான் குற்றவாளி: காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது), பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் முனைகள்), ரோட்டார் (சுழன்று அதைப் பிளக்குகளுக்குப் பகிர்வது), கண்டென்சர், அல்லது எர்த் வயர். சூடேறியதும் வண்டியை நிறுத்தி டெல்கோ மூடியைத் திறந்தபோது, சிறிது காலத்துக்கு முன்புதான் போட்ட பாயிண்ட் முனைகள் நீலம் பாய்ந்து கருகியிருந்தன. பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கே தாவப் பார்க்கும் மின்சாரத்தைத் தன்னுள் வாங்கி, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய உதவுவதே கண்டென்சரின் வேலை. அது கெட்டால் பொறி பிளக்கில் பாய்வதற்குப் பதில் பாயிண்டிலேயே வீணாகிறது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டுச் சூட்டில் மட்டும் கெடும் கண்டென்சர்கள் உண்டு. காற்றோட்டமில்லாத இந்த எஞ்சின் பெட்டி அதற்குத் தோதான இடம்.

ஒரு ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய கண்டென்சரை மட்டும், வேறெதையும் தொடாமல், அந்தச் சூட்டிலேயே மாற்றினேன். மீதி ஏற்றத்தில் ஒரு உதறல்கூட இல்லை. கெட்டது, டியூனிங்கின்போது பாயிண்டோடு சேர்த்து வாங்கிய புத்தம் புதிய கண்டென்சர். செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, அது நல்ல வார்த்தையாக வராது. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றும் பழக்கத்தால் எது நோய், எது மருந்து என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. பிறகு பாயிண்டைத் தேய்த்து அதன் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கும், பிளக்குகளின் இடைவெளியை 0.030 அங்குலத்துக்கும் வைத்ததோடு வேலை முடிந்தது.

இத்தனை எளிதாகத் தன் நோயைச் சொல்லிவிடும் எஞ்சினை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். போன வாரம் உச்சிவெயிலில் மேட்டுப்பாளையம் போய்வந்ததில் தொடை இன்னும் எரிகிறது, இந்த நிலையில் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீறி வாங்குவதென்றால், புது கார்புரேட்டரின் விலையை விற்பவரிடம் கழித்துக்கொள்ளுங்கள், அந்தப் பணத்தில் கண்டென்சர் ஒன்று வாங்குங்கள். கார்புரேட்டரை மாற்றியே தீருவேன் என்றால், கழற்றியதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்.