ஒரே லேப்டாப்பில் மூன்று ஜாவா

போன மாசம் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போய்விட்டது. காந்திபுரத்தில் கொடுத்துப் புதுசு மாட்டி வாங்கிக்கொண்டு திருப்பூர் வந்து சேர்ந்த அன்றைக்கே, பெருந்துறையில் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருவன் கூப்பிட்டான். "ஏனுங்ணா, மாடல் வரைஞ்சா ஜாவா கோடு அதுவே வந்துருமாமா, ப்ராஜெக்டுக்கு அதைப் போட்டுப் பாக்கலாமுங்களா?" நானே எல்லாவற்றையும் முதலிலிருந்து போடப் போகிறேன், இரண்டு நாள் பொறு கண்ணு, போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நான்கு நாள் ஆனது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எக்லிப்ஸ் என்பது ஜாவா கோடு எழுதுகிற கருவி; இஎம்எஃப் அதற்குள் இருந்துகொண்டு மாடலைப் பார்த்து ஜாவா கோடு எழுதித் தரும்; அக்சிலியோ நாம் எழுதிக் கொடுக்கிற டெம்ப்ளேட்டின்படி மாடலிலிருந்து கோடு எழுதித் தரும்.

எங்களுக்கு வேலை ஜாப் ஒர்க் கணக்கு சாஃப்ட்வேர். நூல் நிட்டிங்குக்குப் போகும், துணி டையிங்குக்குப் போகும், காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வரும், போகிற இடமெல்லாம் ஒரு டிசி (டெலிவரி சலான்), ஒவ்வொரு டிசியிலும் கிலோ. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது டிசி, பில், பார்ட்டி என்று ஒவ்வொரு கிளாஸாகத் திறந்து, ஹெச்எஸ்என் கோடு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி ஃபீல்டுகளைக் கையால் சேர்த்தோம். டேபிளில் சேர்த்தது ஸ்கிரீனில் இருக்காது, ஸ்கிரீனில் இருப்பது பிரிண்டில் வராது. அந்தப் பாடு போதும் என்றுதான் 2019இல் இஎம்எஃபுக்கு மாறினேன். ஈகோர் மாடலில் (இஎம்எஃப் படிக்கிற மாடல்) ஒரு ஃபீல்டு சேர்த்தால் இன்டர்ஃபேஸ், இம்ப்ளிமென்டேஷன் கிளாஸ் இரண்டும் அங்கிருந்தே வரும், டேபிள் ஸ்கிரிப்டும் ஸ்கிரீனும் நான் எழுதிய அக்சிலியோ டெம்ப்ளேட்டில் இருந்து வரும். இன்றுவரை ஃபீல்டு விட்டுப்போச்சு என்று ஒரு பார்ட்டியும் போன் பண்ணியதில்லை.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன். அது ஒன்றே ஒன்றுதான், ஆனால் வருஷக்கணக்காக அதே எரிச்சல்: எந்த ஜாவா?

எக்லிப்ஸ் ஓடுவதற்கு ஒரு ஜாவா வேண்டும். 2020 செப்டம்பர் வெளியீட்டுக்கு 11, 2022 செப்டம்பருக்கு 17, 2024 செப்டம்பருக்கு 21 என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை படி ஏறிக்கொண்டே போகிறது. 2020இலிருந்து பேக்கேஜோடு ஒரு ஜாவாவும் சேர்ந்தே வருகிறது, அதனால் டவுன்லோட் பண்ணி அவிழ்த்ததும் எக்லிப்ஸ் திறந்துகொள்ளும், வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் ப்ராஜெக்ட் கம்பைல் ஆவது அந்த ஜாவாவில் ஆக வேண்டும் என்றில்லை, அதை ப்ரிஃபரன்சஸில் இன்ஸ்டால்டு ஜேஆர்இ பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். அப்புறம் கமாண்ட் லைனில் மேவன் (ப்ராஜெக்டை பில்டு பண்ணுகிற கருவி) போட்டால் அது இந்த இரண்டையும் பார்க்காது, ஜாவா ஹோம் என்கிற சிஸ்டம் செட்டிங் எங்கே காட்டுகிறதோ அங்கே போகும். ஆக, ஒரே மெஷினில் மூன்று ஜாவா. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. இது போதாதென்று ஜென்மாடலில் (இஎம்எஃப் கோடு எழுதுவதற்கான செட்டிங் ஃபைல்) கம்ப்ளையன்ஸ் லெவல் என்று தனியாக ஒரு இடம் இருக்கிறது. வெளியே வருகிற கோடு எந்த ஜாவாவுக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும் என்பதை அங்கே சொல்ல வேண்டும்.

எங்கள் பார்ட்டிகளில் சிலருடைய சர்வரில் இன்னும் ஜாவா 8 தான். அதனால் ஜாவா ஹோம் 8இல் இருந்தது. ஜெனரேட்டர் ப்ராஜெக்டை எக்லிப்ஸில் 17 என்று வைத்துவிட்டேன். உள்ளே ரன் பண்ணினால் அழகாக ஓடுகிறது, மேவனில் ஓட்டினால் சிவப்பாக நிற்கிறது. கிளாஸ் ஃபைல் (கம்பைல் ஆகி வருகிற ஃபைல்) வெர்ஷன் 61.0, எனக்கு 52.0 வரைக்கும்தான் தெரியும் என்கிறது. அந்த எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன் வந்துவிடும்: 61 என்றால் 17, 52 என்றால் 8, 65 என்றால் 21. இந்தக் கழித்தல் கணக்கை எனக்கு முதல் வருஷமே யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனையோ ராத்திரி தூங்கியிருப்பேன்.

எக்லிப்ஸ் ஆரம்பிக்கும்போது படிக்கிற ஐஎன்ஐ ஃபைலும் அப்படித்தான். எக்லிப்ஸ் எந்த ஜாவாவில் ஓட வேண்டும் என்று மாற்ற நினைத்தால் -விஎம் ஒரு வரியில் இருக்க வேண்டும், பாத் அதற்கு அடுத்த வரியில் இருக்க வேண்டும், இரண்டும் -விஎம்ஆர்க்ஸ் வரிக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் எழுதினாலும் கீழே தள்ளி எழுதினாலும் அது எடுத்துக்கொள்ளாது, ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லாது. மூன்றாம் நாள் சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. இவ்வளவு நல்ல கருவியைச் செய்தவர்கள் வாசற்படியை ஏன் இப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று உண்மையிலேயே கோபம் வந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். இஎம்எஃப் எழுதுகிற ஒவ்வொரு மெத்தடுக்கு மேலும் @ஜெனரேட்டட் என்று ஒரு குறிப்பு இருக்கும். அதற்குப் பக்கத்தில் நாட் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், அப்புறம் எத்தனை தடவை ஜெனரேட் பண்ணினாலும் அந்த மெத்தடைத் தொடாது. சேர்க்க மறந்தால் கையால் எழுதியது போச்சு, அது வேறு விஷயம்.

அதைவிட நான் மறக்க முடியாதது அக்சிலியோ செய்தது. டையிங்குக்கு 500 கிலோ துணி அனுப்பினால் 500 கிலோவாகத் திரும்பாது. அந்தக் குறைவைக் கலர் வாரியாகக் கணக்குப் போடுகிற கோடை, டெம்ப்ளேட்டில் ப்ரொடெக்டட் என்று குறித்த, மறுபடி ஜெனரேட் பண்ணினாலும் அழியாத பகுதிக்குள் கையால் எழுதி வைத்திருந்தேன். மாடலில் அந்த ஃபீல்டின் பெயர் வேஸ்டேஜ். டையிங்காரர் ஒருவர், "வேஸ்டேஜ்னு போடாதீங்க, நாங்க என்னமோ துணியை வீணாக்குன மாதிரி இருக்குது, ப்ராசஸ் லாஸ்னு போடுங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் சொல்வது நியாயம்தான் என்று மாடலில் பெயரை மாற்றி ஜெனரேட் பண்ணினேன். ப்ரொடெக்டட் பகுதியின் அடையாளமே ஃபீல்டு பெயரை வைத்துத்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. கணக்கு மொத்தமும் காணோம், கடைசியாக பேக்கப் எடுத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. வயிறு கலங்கிப் போய் ஃபோல்டரைப் பார்த்தால், அதே கிளாஸ் பெயரில், கடைசியில் லாஸ்ட் (lost, தொலைந்தது) என்ற எக்ஸ்டென்ஷனோடு புதிதாக ஒரு ஃபைல். எந்த இடத்திலும் பொருந்தாமல் போன என் கோடை அது தூக்கி எறியவில்லை, ஒரு வரி குறையாமல் அப்படியே எடுத்து வைத்திருந்தது. அதை யோசித்துச் செய்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தத் தடவை ஜாவா ஹோமை 17க்கு மாற்றி, ஜாவா 8 வேண்டிய ப்ராஜெக்டுகளுக்கு மட்டும் மேவன் டூல்செயின்ஸில் (எந்த ஜாவாவில் பில்டு பண்ண வேண்டும் என்று மேவனுக்குச் சொல்கிற இடம்) 8ஐக் காட்டிவிட்டேன். மூன்று பாத்தையும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் ப்ராஜெக்டில் மொத்தமே ஆறு கிளாஸ், ரிவ்யூவுக்கு இருப்பது மூன்று வாரம். கையாலேயே எழுது கண்ணு என்றேன். "அப்ப நீங்க மட்டும் ஏனுங்ணா விடமாட்டேங்கறீங்க?" என்றான். எனக்கு நாற்பத்து மூன்று கிளாஸ் இருக்கிறது என்றேன். ஆனால் இந்தக் கருவிகளுக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று இந்த வாரம் கேட்டால் இரண்டுதான் போடுவேன், அந்த நான்கு நாளை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.