ரேடியேட்டர் ஃபேன் ஓடாததற்கு இன்ஜினைப் பிரித்தார்கள்: கோவை வட்டார பைக் ஓட்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் இன்ஜின் சூட்டைத் திரவத்தின் வழியாக வெளியேற்றும் ரேடியேட்டர் உள்ள பைக் வைத்திருப்பவர்கள், வண்டி சூடாகிறது என்று பட்டறைக்குப் போனதுமே "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லக் கேட்டால், சம்மதம் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு.) கோவையில் ஒரு பட்டறை என்னிடம் பதினான்காயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த இன்ஜினைப் பிரித்து மாட்டி, பழுதை மட்டும் அப்படியே விட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தது.

நீலாம்பூர் – மதுக்கரை புறவழிச்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் என் வண்டியின் வெப்ப அளவு பாதியைத் தாண்டாது. ஆனால் மாலை நேரத்தில் லட்சுமி மில்ஸ் சிக்னலை ஒட்டி ஊர்ந்து போனால் அளவு மளமளவென்று ஏறி எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். நெரிசல் விட்டு வேகம் பிடித்ததும் தானாகவே இறங்கிவிடும். இதை நான் விளக்கமாகச் சொன்னபோதும், பட்டறையின் வேலைச்சீட்டான ஜாப் கார்டில் 'ஹீட்டிங்' என்ற ஒற்றைச் சொல்தான் ஏறியது. பிறகு வண்டியை நிறுத்திவைத்தே ஓடவிட்டு, கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தின் ரிசர்வ் டேங்கில் குமிழி குமிழியாக வருவதைக் காட்டி, கேஸ்கெட் போனதற்கு அதுவே சாட்சி என்றார்கள். கேஸ்கெட், அதனுடன் ஹெட் வேலை, கூலன்ட், கூலி என்று பில் நீண்டது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

வண்டி கைக்கு வந்த மறுநாளே அதே சிக்னலில் அதே விளக்கு எரிந்தது. திரும்பப் போனபோது, இப்போது வாட்டர் பம்ப்பையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மறுத்துவிட்டு, பொள்ளாச்சியில் தெரிந்தவர் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "ஏனுங்க, வண்டி நிக்கறப்ப சூடாகுதுங்களா, ஓடறப்ப சூடாகுதுங்களா?"

நோய் எங்கே என்பதற்கான பாதி விடை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஓடும் வண்டியின் ரேடியேட்டரை எதிர்க்காற்றே குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கூலன்ட் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது சுழலத் தொடங்கும். ஆகவே நெரிசலில் மட்டும் சூடாகும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே, வயரிங், வெப்ப சென்சார் ஆகியவையே. வேகத்தில் ஓடும்போதும் சூடாகிறது என்றால்தான் கூலன்ட் குறைவு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), அடைத்துப்போன ரேடியேட்டர், பம்ப், கேஸ்கெட் என்று தேட வேண்டும்.

அவர் ஃபேனின் சாக்கெட்டைப் பிடுங்கி, இரண்டு வயர்களை பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தார். ஃபேன் உடனே சுழன்றது. சாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு பின் முழுவதும் பச்சைக் களிம்பு ஏறி, மின்சாரம் கடக்க வழியில்லாமல் இருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினார். நிறுத்திவைத்து ஓடவிட்டபோது ஃபேன் தானாகச் சுழன்றது, அளவும் இறங்கியது. முந்நூறு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

முதல் பட்டறை சாட்சியாகக் காட்டிய குமிழிகள், ஃபேன் ஓடாமல் கொதித்ததால் வந்தவை. கேஸ்கெட் உண்மையில் போயிருந்தால், இன்ஜின் ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்த உடனேயே விடாமல் குமிழி வரும். கசிவே தெரியாமல் கூலன்ட் குறையும். புகை வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வரும். சில வண்டிகளில் ஆயில் பால் கலந்தது போல வெளுத்துவிடும். இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு அவர்கள் காட்டவில்லை. (சூடான இன்ஜினில் அந்த மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.)

இதைவிட என்னை வருத்தியது அடுத்துக் கண்டது. பில்லில் கூலன்ட்டுக்குத் தனியாகப் பணம் வாங்கியவர்கள், ரேடியேட்டரில் ஊற்றியிருந்தது வெறும் தண்ணீர். மூடியின் வாய்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் படியத் தொடங்கியிருந்தது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அது ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்து, அலுமினியத்தையும் அரிக்கும். காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையிலேயே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், 1.1 பார் அழுத்த மூடிக்குள் அந்த எல்லை 120 டிகிரியைத் தாண்டும். அதைவிடச் சீக்கிரம் கொதிக்கும் வெறும் தண்ணீரோடு ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைச் சிறிய கியரில் ஏறியிருந்தால், அவர்கள் சொன்ன கேஸ்கெட் பழுது உண்மையாகவே வந்திருக்கக்கூடும்.

எனவே வண்டியை விடும்போது, எப்போது சூடாகிறது என்பதை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஃபேனை உங்கள் கண்முன் நேரடி மின்சாரத்தில் ஓட்டிக் காட்டவும், இன்ஜினைத் தொடும் முன் ரேடியேட்டரில் அழுத்தச் சோதனை செய்யவும் கேளுங்கள். கூலன்ட் கேனின் சீலை உங்கள் எதிரில் உடைக்கட்டும். பழைய பாகங்கள் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

பில், ஜாப் கார்டு, களிம்பேறிய சாக்கெட்டின் படம் ஆகியவற்றை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். இதே போல ஏமாற்றப்பட்டவர்கள் தங்கள் பில்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.