லண்டனில் மதுபான உரிமத்துக்கு ‘ஆலோசகர்’ தேடுவோர் கவனத்துக்கு

கிழக்கு லண்டனில் சிறிய உணவகம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்த நான், மது பரிமாறவும் சனிக்கிழமைகளில் இசை நிகழ்ச்சி வைக்கவும் உரிமம் பெற்றுத் தருமாறு, நம்மவர்களிடையே பெயரெடுத்த ஓர் உரிம ஆலோசகரிடம் 2,400 பவுண்களைக் கொடுத்தேன். எங்கள் கடையின் வரி மதிப்புக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வாங்கும் கட்டணம் வெறும் 190 பவுண்கள் என்பதும், கழுத்துப்பட்டியோடு வந்த அந்த மனிதர் சொலிசிட்டரே (பதிவுபெற்ற சட்டத்தரணி) அல்லர் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, விண்ணப்பித்த மறுநாளிலிருந்து 28 நாள்கள் கடை வாசலில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு இருக்க வேண்டும். 10 வேலை நாள்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரமும் வர வேண்டும். அவர் தந்ததோ வெள்ளைத்தாள் அறிவிப்பு. அதை ஒட்டியவன் நான்தான். விளம்பரத்துக்கென்று தனியாக வாங்கிய பணம் எந்தப் பத்திரிகைக்கும் போய்ச் சேரவில்லை. மூன்றாம் வாரத்தில் வந்து பார்த்த கவுன்சில் அதிகாரி, 28 நாள்களையும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றார். கடை பூட்டிக் கிடக்க, வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே, “விண்ணப்பம் போட்டாச்சு, இனிப் பயப்பிடாமல் பியர் வில்லுங்கோ அண்ணை” என்றும் அவர் சொல்லியிருந்தார். உரிமம் இல்லாமல் விற்றால் வரம்பில்லாத அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். என் மனைவி மறித்திராவிட்டால் விற்றிருப்பேன்.

இசைக்கென்று அவர் தனியாக 600 பவுண்கள் கணக்கெழுதியிருந்ததுதான் இன்னும் ஆறவில்லை. மது அருந்த உரிமமுள்ள இடத்தில், அது திறந்து மது விற்கும் வேளையில், காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு இசை நிகழ்ச்சி நடத்தப் பொதுவாகத் தனி அனுமதி வேண்டியதில்லை. எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது, இரவு 11 மணிக்குப் பிறகு சூடான உணவு விற்பதற்கான அனுமதி. நள்ளிரவு வரை கொத்துரொட்டி போடுவோம் என்று அவரிடம் இருமுறை சொல்லியும், விண்ணப்பத்தில் அந்தப் பகுதி வெறுமையாகவே இருந்தது.

உரிம விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்க இந்நாட்டில் எவருக்கும் சட்டத் தகுதி தேவையில்லை. சொலிசிட்டர் என்றால் சட்டக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இவரைப் போன்றவர்கள் மீது அங்கே முறையிட இடமில்லை. ஆகவே பணம் கொடுக்குமுன் சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள்; கவுன்சில் பற்றுச்சீட்டையும் விளம்பரம் வந்த பத்திரிகைப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு எழுதிய இரு கடிதங்களுக்கும் பதில் இல்லாததால், சிறு கோரிக்கை வழக்குக்கான (சிறு தொகைகளுக்கான நீதிமன்ற வழக்கு) படிவத்தை இந்த வாரம் அனுப்புகிறேன்.