ஆறு ஆண்டுகளாக ஏடிஆர்: அந்த ஒற்றை வரியைப் பற்றி

வேறொரு நிறுவனத்தில் கட்டமைப்புப் பிரிவைக் கவனிக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்டார்: “எங்கள் நாற்பது குழுக்களும் ஏடிஆர் எழுதியே ஆக வேண்டும் என்று உத்தரவு போடலாமா? நீங்கள்தான் பல வருடமாக எழுதி வருகிறீர்களே, சொல்லுங்கள்.” ஏடிஆர் (Architecture Decision Record) என்பது, மென்பொருள் கட்டமைப்பில் எடுத்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் எழுதி வைக்கும் சிறு பதிவு. அவர் கேட்ட அதே வாரத்தில்தான் எங்கள் பதிவு ஒன்று ஒரு குழுவின் மூன்று வார உழைப்பை வீணாக்கியிருந்தது. ஆகவே இதில் கொஞ்சம் சூடு இருக்கும். அதை ஆற வைத்து எழுத எனக்கு மனமில்லை.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2011இல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் முன்வைத்த ஐந்து பகுதிகள்: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள். ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவும் முழு வாக்கியங்களில். நாங்கள் அதில் இரண்டைச் சேர்த்துக்கொண்டோம்: ‘கைவிட்ட வழிகள்’, ‘எப்போது திரும்பப் பார்ப்பது’. இந்த ஆறு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்து வந்தது. எரிச்சல் முழுவதும், அந்த முடிவு இன்னும் செல்லுமா என்று சொல்லும் ‘நிலை’ என்ற ஒற்றை வரியிலிருந்து வந்தது.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் 23ஆம் பதிவு, மென்பொருள்களுக்கு இடையே செய்தி பரிமாற எந்தத் தயாரிப்பை எடுப்பது என்பதைப் பற்றியது. நன்றாக வேலை செய்த ஒரு வணிகத் தயாரிப்பை அன்று கைவிட்டோம். காரணத்தை இரண்டே வாக்கியத்தில் எழுதி வைத்திருந்தோம்: உரிமக் கட்டணம் சர்வரின் செயலியில் உள்ள கோர் எண்ணிக்கைப்படி வசூலிக்கப்படுகிறது, எங்களுக்கு உச்ச சுமை மாதக் கடைசியில் சில மணி நேரம் மட்டுமே, அதற்காக ஆண்டு முழுவதும் பணம் கட்ட முடியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த விற்பனையாளர் பயன்பாட்டின் அளவுக்கேற்ற கட்டணத்துக்கு மாறினார். பதிவைத் திறந்தோம். விலையைத் தவிர வேறு மறுப்பு எதுவும் அதில் இல்லை. அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. அந்தப் பக்கம் இல்லாமல் போயிருந்தால் “அப்போது யாருக்கோ அது பிடிக்கவில்லை” என்ற மங்கலான நினைவை வைத்துக்கொண்டு மூன்று கூட்டம் நடத்தியிருப்போம். அந்த முடிவை எடுத்த ஐந்து பேரில் நான் ஒருவன்தான் அன்று அந்த அறையில் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

‘எப்போது திரும்பப் பார்ப்பது’ என்ற பகுதி எங்கள் யோசனை இல்லை. பயிற்சி வகுப்பு ஒன்றின் இடைவேளையில், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தது. “தேதி போடாதீர்கள், நிகழ்ச்சியைப் போடுங்கள்” என்றார். தேதி போட்டால் அந்த நாளில் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும், மறுபார்வை தள்ளிப்போகும். அவர் சொன்னபடி ஒரு பதிவில், ‘ஒரு நாளில் வரும் செய்திகள் பத்து லட்சத்தைத் தாண்டினால்’ என்று எழுதினோம். இயக்கக் குழுவில் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, கண்காணிப்புத் திரையில் அதே எண்ணுக்கு ஓர் எச்சரிக்கையை அமைத்து, எச்சரிக்கையின் வாசகத்திலேயே பதிவின் எண்ணையும் சேர்த்துவிட்டார். பதினான்கு மாதம் கழித்து ஓர் அதிகாலையில் அது அடித்தது. யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது செய்தியிலேயே இருந்தது. இந்தத் தொழிலில் இவ்வளவு நிறைவு தந்த காலைகள் எனக்கு அதிகம் இல்லை.

நாம் ஒருவரையொருவர் சந்திக்கும்போது டெம்ப்ளேட்டுகளையும் வரைபடங்களையும் தாராளமாகக் கைமாற்றிக்கொள்கிறோம். காரணங்களைக் கைமாற்றுவதில்லை. பெயர்களையும் தொகைகளையும் நீக்கிவிட்டு நான்கு பதிவுகளை வெளியே தெரிந்த சிலருக்கு ஒருமுறை அனுப்பினேன். அவர்களில் ஒருவர் எழுதினார்: “நீங்கள் கைவிட்ட மூன்றாவது வழியை நாங்கள் எடுத்தோம். எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டோம். செய்திகள் வரிசை மாறி வந்தன, பணம் செலுத்தும் முன்பே ரசீது உருவானது.” அந்த மூன்று வரிக்கு நான் பார்த்த எந்த வரைபடமும் ஈடாகாது.

இனி அந்த ‘நிலை’.

எங்கள் 9ஆம் பதிவு சொல்வது இது: வாடிக்கையாளர் முகவரிக்கு மூலம் பழைய விற்பனை மென்பொருள்தான், மற்றவர்கள் இரவில் எழுதப்படும் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நிலை: ஏற்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு குழு, தன் சொந்தக் கோப்புக் களஞ்சியத்தில் எழுதிய பதிவின்படி, முகவரியின் மூலத்தைப் புதிய சேவைக்கு மாற்றியது. நல்ல முடிவு, நன்றாக எழுதப்பட்ட பதிவு. ஆனால் 9ஆம் பதிவின் நிலையை யாரும் தொடவில்லை. இரவுக் கோப்பையும் யாரும் நிறுத்தவில்லை. அது ஒவ்வோர் இரவும் ஒழுங்காக உருவாகிக்கொண்டிருந்தது, உறைந்துபோன ஓர் அட்டவணையிலிருந்து.

புதிதாகச் சேர்ந்த குழு ஒன்று 9ஐப் படித்தது. சொன்னபடியே கட்டியது. மூன்று வாரம் கழித்துச் சோதனையில், இரண்டு முறை வீடு மாறிய ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தட்டினால் முதல் வீட்டின் முகவரி வந்து நின்றது.

எனக்குக் கோபம் எங்கே என்றால், அந்தக் குழு எந்தத் தவறும் செய்யவில்லை. ‘எழுதுங்கள், படியுங்கள்’ என்று ஆறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். படித்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். படிக்காமல் பக்கத்து மேசையில் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். ஒரு குழுவுக்கு இப்படி ஒருமுறை நடந்தால் போதும், பிறகு அவர்கள் எந்தப் பதிவையும் நம்ப மாட்டார்கள்.

முறையின் மீது பழி போட முடியாது. நைகார்ட் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்: மாற்றப்பட்ட முடிவை அழிக்காதீர்கள், வைத்திருங்கள், ஆனால் வேறொன்று அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்று குறியுங்கள், எண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஏடிஆர்-டூல்ஸ் என்ற சின்னக் கருவியில், புதிய பதிவைத் தொடங்கும்போதே பழையதன் எண்ணைக் கொடுத்தால் இரண்டையும் அதுவே இணைத்து, பழையதன் நிலையையும் மாற்றிவிடும். ஒரே கோப்புறைக்குள் இது பிசகாமல் நடக்கிறது. சிக்கல் கோப்புறையின் எல்லையில்தான். அதுதான் குழுவின் எல்லையும்கூட. ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் பேச்சுத்தொடர்புகளைப் போலவே அமையும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இல் எழுதினார். பதிவுகளும் அப்படியே அமைகின்றன: பேசிக்கொள்ளாத இரண்டு குழுக்களின் பதிவுகளும் ஒன்றோடொன்று பேசவில்லை.

மையமாக ஒரு பட்டியல் வைத்தால் தீராதா என்பீர்கள். டோகாஃப் (TOGAF) என்ற நிறுவனக் கட்டமைப்பு வழிமுறை சொல்லும் நிர்வாகப் பதிவேட்டில் முடிவுகளுக்கென்றே ஓர் இடம் உண்டு. நாங்களும் வைத்தோம். குழுக்களின் பதிவுகளைப் பார்த்து அதை நிரப்பினோம். 9ஆம் பதிவு அங்கேயும் ‘ஏற்கப்பட்டது’ என்றே உட்கார்ந்திருந்தது. ஒரே தவறு இரண்டு இடத்தில் இருந்தபோது இன்னும் உறுதியாகத் தெரிந்தது. வாராந்திர நினைவூட்டல் மின்னஞ்சலை இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்தோம், யாரும் திறக்கவில்லை.

இப்போது ஒரு விதி கொண்டுவந்திருக்கிறேன். ஒரு பதிவு வேறு குழுவின் முடிவைத் தொட்டால், அந்தப் பழைய பதிவின் நிலை மாற்றமும் அதே ஒப்புதலில் சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் புதியதற்கு ஒப்புதல் கிடையாது. இதற்கு, பழைய பதிவுக்கு இன்று யார் பொறுப்பு என்பது தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் பொறுப்பாளரின் பதவியை எழுதச் சொன்னேன். ஆள் பெயரை எழுதினால் ஆள் போனதும் பதிவு அநாதையாகிவிடுகிறது. எங்கள் அறுபத்தொரு பதிவுகளில் பதினேழுக்குப் பொறுப்பாளர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. அந்தப் பதினேழின் நிலை வரியில் ‘சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்’ என்று நேற்று நானே எழுதினேன். எழுதும்போது வலித்தது.

நண்பருக்குப் பதில். ஏடிஆர் இல்லாமல் நான் ஒரு நாளும் வேலை பார்க்க மாட்டேன். ஆனால் உங்கள் நாற்பது குழுக்களுக்கும் இப்போது உத்தரவு போடாதீர்கள். உத்தரவு போட்டால் ஆறு மாதத்தில் உங்களிடம் முந்நூறு பக்கம் இருக்கும், அதில் எது உயிரோடு இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்றுக்கொன்று தரவு அனுப்பும் இரண்டு குழுக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் மற்றவரின் பழைய முடிவு ஒன்றை மாற்றும் வரை காத்திருங்கள். அன்று பழைய பதிவின் நிலை வரி யாரும் சொல்லாமலே மாறினால், அடுத்த இரண்டு குழுக்களைச் சேருங்கள். மாறாவிட்டால் மற்ற முப்பத்தெட்டையும் இழுக்காதீர்கள்.

23, 9 இரண்டையும் பெயர்கள் நீக்கி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் 9ஐப் படியுங்கள்.