டர்போ மாற்றி இரண்டு வருடம் ஓட்டிய பிறகு: என் டீசல் காரின் அனுபவம்

கார் 2013 மாடல் டீசல் செடான். காமன் ரயில் இன்ஜின், வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ, ஐந்து கியர் மேனுவல். டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம். வேரியபிள் என்றால் அந்த வாயுவைத் திருப்பும் சின்னத் தகடுகள் (வேன்கள்) உள்ளே நகரும். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி எந்த டர்போ டீசலுக்கும் பொருந்தும். ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சமயத்தில் டர்போ போனது. மாற்றின கையோடு எழுதும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. புது டர்போ போட்ட முதல் மாதம் எல்லோருக்கும் வண்டி பறக்கத்தான் செய்யும். போட்டது நிலைத்ததா என்பது அதன் பிறகுதான் தெரியும் என்பதால் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது பிக்கப் குறைவு. கோவை நகருக்குள் ஓட்டும்போது பெரிதாக உறைக்கவில்லை. ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த நீளமான ஏற்றங்களில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியதாயிற்று. 2000 ஆர்பிஎம் தாண்டியதும் முதுகில் ஒரு தள்ளு கிடைக்குமே, அது இல்லை. பின்னால் கரும்புகை. சில நாளில் செக் இன்ஜின் லைட் எரிந்து வண்டி லிம்ப் மோடுக்கு (இன்ஜினைக் காப்பாற்ற சக்தியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் நிலை) போனது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி அதே கதை. கொஞ்ச நாள் கழித்து ஆம்புலன்ஸ் சைரன் தூரத்தில் கேட்பதுபோல் ஒரு ஊளைச் சத்தம், காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. கரும்புகை என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று வரவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இரண்டும் சேர்ந்து வந்ததும் விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

முதலில் போனது ஒரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு. ஸ்கேனர் மாட்டினார்கள், பி0299 என்று கோடு வந்தது, 'டர்போ அசெம்ப்ளி மாத்தணும் சார்' என்று எஸ்டிமேட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பானெட்டைத் திறந்து ஒரு ஹோஸைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பி0299 என்ற கோடு இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) வரவில்லை என்று மட்டும்தான் சொல்லும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கிழிசல் இருந்தாலும், கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், வேக்கம் பைப் வெடித்திருந்தாலும், பூஸ்ட் சென்சாரில் கரி அடைத்திருந்தாலும் வருவது இதே கோடுதான். சில நூறு ரூபாய் ஹோஸுக்காகப் பல ஆயிரம் ரூபாய் டர்போவை மாற்றியவர்கள் உண்டு.

கோவையில் கணபதி பக்கம் டீசல் வேலை மட்டும் பார்க்கும் ஒரு அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் சோதித்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது: செலவில்லாதது முதலில். ஏர் ஃபில்டர் பார்த்தார். இன்டர்கூலர் லைனை ஒரு முனையில் அடைத்து, லேசாகக் காற்று ஏற்றி, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். எங்கும் குமிழி இல்லை. கையால் இழுக்கும் வேக்கம் பம்பை டர்போவின் வேன்களை நகர்த்தும் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தார். கம்பி ஒரே சீராக மேலே போக வேண்டும், விட்டால் தடையில்லாமல் இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் பாதியில் ஒரு திக்கல். உள்ளே வேன் தகடுகளில் கரி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் ஸ்கேனரை எடுத்தார். அதுவும் கோடு படிக்க இல்லை. லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டம். கேட்கும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போக, கிடைக்கும் பூஸ்ட் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

கடைசியாக டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றி, இறக்கைகள் மாட்டிய ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இந்த ஷாஃப்ட் பால் பேரிங்கில் இல்லை, ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. சின்ன டர்போக்களில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். அதனால் இன்ஜின் நிற்கும்போது பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது சாதாரணம். முன்னும் பின்னுமாக ஆடக் கூடாது, இறக்கை உறையில் உரசக் கூடாது. எங்களுடையது இரண்டும் செய்தது. குழாய்க்குள் இருந்த ஆயில் ஈரத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கிராங்க்கேஸ் மூச்சுக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் புகை எல்லா டீசலிலும் வரும்.

'சரிண்ணே, டர்போ போச்சு. மாத்திடலாம்' என்றேன்.

'டர்போ போச்சுங்க தம்பி, ஆனா எதனால போச்சு? அதைப் பாக்காம புதுசு போட்டா அதுவும் இதே மாதிரி போகும்' என்றார்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவரை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயில் வராமல், அழுக்கு ஆயில் வந்து, ஃபில்டர் வழியாகக் கல் மண் போய், இல்லை எக்ஸாஸ்ட் அடைத்து என்று ஏதோ ஒன்று கொல்கிறது. அவர் ஆயில் ஃபீட் பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பென்சில் முனை நுழையும் அளவுக்குக்கூட ஓட்டை இல்லை, உள்ளே கரி சுட்டுப்போய் இறுகியிருந்தது. சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றினால் ஆயில் பம்பின் வலைச் சல்லடையில் கருப்புத் தார். ஆயிலை நான் தவறாமல் மாற்றிய வண்டி அது, பில் எல்லாம் இருக்கிறது. பிறகு எங்கிருந்து வந்தது இந்தத் தார்?

டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுற்றி இருந்தது பதில். இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் ஒரு காப்பர் வாஷர் இருக்கும், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. அது கசிந்தால் எரிந்த வாயு மேலே வந்து இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போல் இறுகும், ஆயிலிலும் கலந்து அதைக் கெடுக்கும். அந்தக் கரிதான் சல்லடையை அடைக்கிறது, ஃபீட் பைப்பை அடைக்கிறது, கடைசியில் ஷாஃப்ட் ஆயிலில்லாமல் காய்ந்து தேய்கிறது. எங்கள் வண்டியில் இரண்டு இன்ஜெக்டரில் கசிவு. பானெட்டைத் திறந்தால் 'சஃப் சஃப்' என்று ஒரு சத்தமும் டீசல் புகை வாடையும் இருந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பழைய டீசல் வைத்திருப்பவர்கள் இன்ஜின் கவரை எடுத்து இன்ஜெக்டர் வேரை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

டர்போவுக்கு மூன்று வழி இருந்தது. சர்வீஸ் சென்டர் அசெம்ப்ளி, எஸ்டிமேட் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதே டர்போவைச் செய்யும் கம்பெனியின் பெட்டியில் வெளியே வாங்குவது, அதைவிடக் கணிசமாகக் குறைவு. மூன்றாவது, நம்முடைய உறைகளை வைத்துக்கொண்டு ஷாஃப்டும் பேரிங்கும் இருக்கும் நடு காட்ரிட்ஜை மட்டும் மாற்றும் ரீகண்டிஷன், சுமார் 20,000. அதற்கும் கீழே ஆன்லைனில் கிடைக்கும் பெயரில்லாத சரக்கு பக்கம் போகாதீர்கள். நான் மூன்றாவதை எடுத்தேன், இரண்டு நிபந்தனையோடு: காட்ரிட்ஜ் அதிவேக மெஷினில் பேலன்ஸ் செய்த ரிப்போர்ட் கையில் வர வேண்டும், வேன்களின் காற்றோட்ட அளவு பெஞ்சில் வைத்து செட் செய்யப்பட வேண்டும். வேரியபிள் டர்போவில் வேன்களின் எல்லையை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கண் அளவில் திருகுபவரிடம் கொடுத்தால் பூஸ்ட் கூடியோ குறைந்தோ மறுபடி லைட் எரியும்.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. ஃபீட் பைப், அதன் போல்ட், வாஷர்கள், கேஸ்கட்டுகள் எல்லாம் புதிது. சம்பைக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டர் உட்காரும் தளத்தைக் கட்டர் போட்டுச் சமப்படுத்தி, எல்லா காப்பர் வாஷரையும் மாற்றினார். ஆயில் ஜாயின்ட்டுகளில் சிலிகான் பேஸ்ட் போடவில்லை. அது பிய்ந்து உள்ளே போய் ஓட்டையை அடைக்கும். டர்போவின் ஆயில் துளையில் புது ஆயிலை ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றினார். பிறகு டீசலை நிறுத்தி வைத்து, ரிட்டர்ன் பைப்பில் ஆயில் வரும்வரை செல்ஃப் மட்டும் அடித்தார். ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொட விடவில்லை.

இன்டர்கூலரையும் கழற்றிக் கழுவினார். கழற்றித் தலைகீழாகப் பிடித்தபோது வடிந்த ஆயிலைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆயில் மொத்தமாக இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டால் டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாகக் கத்த ஆரம்பிக்கும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் வண்டியில் இது நடந்தால் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை மூச்சடைக்க வையுங்கள். அதனால்தான் நீலப்புகை வந்த பிறகு 'இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. போட்ட 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றினோம், உள்ளே மிச்சமிருக்கும் கரிக்காக. பிக்கப் பழையபடி இருக்கிறது. மைலேஜ் 15க்கு இறங்கியிருந்தது, நெடுஞ்சாலையில் மறுபடி 19 கொடுக்கிறது. ஆயில் இரண்டு சர்வீஸுக்கு இடையில் டிப்ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைவதில்லை. ஊளைச் சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ரேடியோ அணைத்திருந்தால் கேட்கும். ரீகண்டிஷன் டர்போவில் இதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெல்லியில் இதே வயது டீசல் என்றால் பழைய டீசல் கார்களுக்கு அப்போது அங்கே இருந்த பத்து வருடக் கட்டுப்பாட்டை யோசித்து இந்தச் செலவே செய்திருக்க மாட்டேன். இங்கே எஃப்சி எடுத்து ஓட்டலாம் என்பதால் கணக்கு சரியாக வந்தது.

பழக்கத்தில் மாற்றியது கொஞ்சம்தான். ஆயிலைப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே, 7,500இல் மாற்றுகிறேன். தரம் மட்டும் புத்தகத்தில் சொன்னதேதான். காலையில் முதல் சில கிலோமீட்டர் மிதிப்பதில்லை. மலை ஏறி உடனே நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுகிறேன். தினமும் ஆபீஸ் போய் வந்து நிறுத்தும்போதெல்லாம் அப்படி நிற்பது வீண், தெருவுக்குள் மெதுவாக வருவதற்குள்ளேயே டர்போ ஆறிவிடும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைச் சற்று ஓடவிடும் டர்போ டைமர் என்று ஒன்றை விற்க வருவார்கள், வாங்கவில்லை. எப்போதும் 1500 ஆர்பிஎம்முக்குக் கீழேயே ஓட்டினால் வேன்களில் கரி பிடிக்கும் என்று அண்ணன் சொன்னதால் வாரம் ஒருமுறை பைபாஸில் நன்றாக இழுத்து ஓட்டுகிறேன்.

போன மாதம் டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்றாவது இன்ஜெக்டர் வேரில் லேசாகக் கருப்பு ஈரம் தெரிந்தது. அடுத்த ஆயில் சர்வீஸ் வரை காத்திருக்கவில்லை, வர்ற சனிக்கிழமை அந்த வாஷரை மாற்ற நாள் வாங்கியிருக்கிறேன்.