பழைய காரின் எஞ்சின்: திருத்துவதா, மாற்றுவதா?

மட்டக்களப்பில் புகை தள்ளும் மாருதி 800 ஒன்று மலிவாக வந்தால் வீட்டில் இரண்டு பேச்சு எழும்: இருக்கும் எஞ்சினைத் திருத்துவோமா, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் எடுப்போமா?

காசு கொடுக்க முதல் மெக்கானிக்கிடம் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சிலிண்டருக்குள் எண்ணெய் போகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கும். எண்ணெய்க்குள் தண்ணீர் கலந்து பால்தேநீர் நிறமானால், முதலில் ஹெட் கஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகியுங்கள்.

செலவு
திருத்தினால்: பிரித்த பிறகுதான் முழுக்கணக்கும் தெரியும்.
மாற்றினால்: விலை முன்பே தெரியும், லொறிக்கூலி தனி.

எவ்வளவு காலம் உழைக்கும்
திருத்தினால்: உள்ளே என்ன போட்டோம் என்று தெரியும்.
மாற்றினால்: அது முன்பு எப்படி ஓடியதோ! எனக்கு இதுதான் பெரிய பயம்.

அலைச்சல்
திருத்தினால்: கராஜோடு சரி.
மாற்றினால்: புது எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். விற்றவரிடம் பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள். பதியாமல் விட்டால் பிறகு கார் விற்பதே பாடு.

கஸ்கெட், ரிங்கோடு கோளாறு நின்றால், கல்லடி, காத்தான்குடி போன்ற கிட்டடி ஓட்டத்துக்குத் திருத்தமே போதும். புளொக் (எஞ்சினின் உடல்) வெடித்து விரிசல் விட்டிருந்தாலோ கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) தட்டிச் சத்தம் போட்டாலோ மாற்றுங்கள். இரண்டுக்கும் கையில் காசில்லை என்றால் அந்தக் காரை வாங்கவே வேண்டாம்.